கட்டடம் எதற்காகக் காத்திருக்கிறது

ஓய்வு பெற்ற டாக்டரைப் பார்த்தால் நாக்கை நீட்டிக் காட்டுகிறார்கள். ஓய்வு பெற்ற வக்கீலைப் பார்த்தால் பாகப்பிரிவினை பற்றிக் கேட்கிறார்கள். என்னிடம், தங்கச் சுரங்க ஊரான எங்கள் கே.ஜி.எஃப்.பின் ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் நான் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, "சார், பெங்களூர்ல அந்தப் பெரிய பில்டிங் எப்போ முடியும்?" என்று கேட்கிறார்கள். எந்தப் பெரிய பில்டிங் என்று திருப்பிக் கேட்டால் கேட்டவருக்கே தெரியாது. பேப்பரில் படம் பார்த்திருப்பார். கண்ணாடியால் ஆன உடம்பு, காலடியில் ஒரே உயரத்தில் நாலு மரம், மேலே கர்நாடகத்தில் எங்கும் கிடைக்காத நீலத்தில் ஓர் ஆகாயம். படத்துக்குக் கீழே ஒரு வருஷம் அச்சிட்டிருக்கும். அந்த வருஷத்தை நம்பலாமா என்பதுதான் கேள்வி. நம்ப வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. நம்பலாம் என்றால் என் தொழில் தர்மம் வாடுகிறது. எனவே கத்திரிக்காயைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவேன்.

நான் இரண்டு தடவை ஓய்வு பெற்றவன். முதல் தடவை, இந்த ஊர்க் கனரக இயந்திரத் தொழிற்சாலையிலிருந்து, தொண்ணூறுகளின் நடுவில், விருப்ப ஓய்வு. யாருடைய விருப்பம் என்று நிர்வாகம் விளக்கவில்லை. இரண்டாம் தடவை, பெங்களூரில் ஒரு கட்டடக் கம்பெனியிலிருந்து. இரண்டு இடத்திலும் என் வேலை ஒன்றுதான். அடுத்தவர் வேலை எப்போது முடியும் என்று போய்க் கேட்பது. இதற்குத் தொழிற்சாலையில் புரோகிரஸ் செக்ஷன் என்று பெயர், கட்டடக் கம்பெனியில் பிளானிங் என்று பெயர். நானாக ஒரு நட்டை முடுக்கியதில்லை, ஒரு செங்கல்லை நகர்த்தியதில்லை. "ஊரான் வேலையெல்லாம் எப்போ முடியும்னு சொல்றீங்க. நம்ம வீட்டு ஒழுகற தகரம் எப்போ முடியும்?" என்று என் மனைவி கேட்டபோதுதான் இந்தக் கேள்வி எதிராளிக்கு எப்படி வலிக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒரு போன். கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் பேசினாள். "சார், கம்ப்யூட்டர் ஒரு தேதி சொல்லுது. எம்.டி. ஒரு தேதி சொல்றாரு. கடை புக் பண்ணவங்க ஒரு தேதி கேக்கறாங்க. நீங்க இருந்தப்போ எப்படி சார் தேதி சொல்வீங்க?"

நான் தேதி சொன்னதே இல்லை என்றேன். சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டாள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில் ஷெட் ஷெட்டாக நடந்தேன். "எப்போ முடியும்?" என்பேன். "நாளைக்கு" என்பார்கள். அதை எழுதிக்கொண்டு போய்க் கொடுப்பேன். மறுநாளும் அதே நடை, அதே பதில். கொஞ்ச வருஷம் கழித்து, நாளை என்பது காலத்தைக் குறிக்கும் சொல் அல்ல, மரியாதையைக் குறிக்கும் சொல் என்று புரிந்தது. போய்த் தொலை என்பதன் மரியாதையான வடிவம். இந்த அளவு ஞானத்தோடுதான் பெங்களூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே என்னைப் பிடித்து மறுபடி வார்த்தவர் ராவ். எம்.ஜி. ரோட்டுக்கு ஒரு திருப்பம் தள்ளி எங்கள் கம்பெனி எழுப்பத் தொடங்கியிருந்த இருபது மாடிக் கட்டடத்துக்கு அவர்தான் பிராஜெக்ட் மானேஜர். குட்டையான மனிதர். சைட்டில் ஹெல்மெட்டை விடக் குடையை நம்பியவர். திங்கட்கிழமை காலை மீட்டிங் அவர் அறையில் நடக்காது. நாற்காலி இருந்தால் மனிதர்கள் பொய் சொல்வார்கள் என்பது அவர் கொள்கை. மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. மேஸ்திரி, கம்பி கட்டுகிற கான்ட்ராக்டர், பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாரும் அதன் எதிரே நிற்க வேண்டும். ராவ் கையில் வேர்க்கடலை இருக்கும். ஒவ்வொன்றாக உடைத்தபடி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார். எப்போது முடியும் என்று கேட்க மாட்டார். "நீ இப்போ எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கே?"

இந்தக் கேள்விக்கு "நாளைக்கு" என்று பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் முழிப்பார்கள். பிறகு ஒரு பொருள் வெளியே வரும். மணல் லாரி. கதவு நிலை. கார்ப்பரேஷன் ஆள். பெல்லாரிக்குப் போன கொத்தனாரின் மச்சினி கல்யாணம். எதுவானாலும் ராவ் அதைப் பலகையில் எழுதுவார். தேதி எழுத மாட்டார். "இது எதுக்காகக் காத்திருக்கு?" என்று அந்தப் பொருளைப் பற்றி அடுத்த கேள்வி. அப்படியே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால், கடைசியில் எங்கேயோ ஒருவர் ஒரு கையெழுத்துப் போடாமல் காபி குடித்துக்கொண்டிருப்பார். அவரைப் போய்ப் பார்ப்பது என் வேலை.

யாராவது "தொண்ணூறு பெர்சென்ட் முடிஞ்சுது சார்" என்று சொன்னால் மட்டும் ராவ் கடலை உடைப்பதை நிறுத்திவிடுவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். "தொண்ணூறு பெர்சென்ட்ங்கிறது ஒரு ஊரு, அப்பா. நெறைய பேர் போயிருக்காங்க. யாரும் திரும்பி வந்ததில்ல" என்பார். அதன் பிறகு அந்த சைட்டில் யாரும் பெர்சென்ட் பேசியதில்லை. நான் ஓய்வு நேரத்தில் புராணம் படிக்கிறவன். ஒரே இரவில் மாளிகை எழும்பிய கதைகள் ஏராளம் உண்டு. அந்த இரவுக்கு முன்னால் எத்தனை மாதம் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று ஒரு புராணிகரும் சொல்லவில்லை. ராவிடம் வேலை செய்த பிறகுதான் எனக்கு இந்தக் குறை தெரிந்தது.

மாரிக்குப்பத்தில் கிளம்பும் காலை பெங்களூர் ரயிலில், எங்கள் ஊர்க் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறுவேன். எங்கள் பெட்டியில் யார் எங்கே உட்காருவது என்பதற்கு எழுதப்படாத பட்டா உண்டு. ஜன்னலோரம் பாத்திரக்கடை மாணிக்கம். பேட்டையில் கடை, வாரத்துக்கு இரண்டு நாள் பெங்களூரில் கொள்முதல். என்னைவிட மூத்தவர். அந்தக் கட்டடத்தில் நான் வேலை செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து பெட்டியில் சீட்டாட்டம் குறைந்து ஜோசியம் பெருகியது.

இந்த ஜோசியத்தை நான் மிக ஆர்வமாகக் கவனித்தேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கட்டடக் கணக்கு தெரியாது. சுரங்கக் கணக்கு பரம்பரையாகத் தெரியும். ஷாஃப்ட், அதாவது சுரங்கத்தின் செங்குத்துக் குழி, இறங்க இறங்க வேலை மெதுவாகும். கல் இறுகும், சூடு ஏறும், ஆளும் சாமானும் போய்வரவே பாதி ஷிஃப்ட் போகும். முதல் பங்குக்கு ஒரு வருஷம் என்றால் கடைசிப் பங்குக்கு மூன்று வருஷம். இந்தக் கணக்கை அப்படியே தலைகீழாகப் பிடித்து பெங்களூர் ஆகாயத்தில் நட்டார்கள்.

"பேஸ்மென்ட்டு தோண்டவே ரெண்டு தீவாளி ஆச்சு," என்றார் மாணிக்கம். "மேல போவப் போவ இன்னும் இழுக்கும். என் பேத்தி கல்யாணம் அந்த மொட்ட மாடியிலதான் தம்பி."

"பேத்தி எப்போ பொறந்தா?"

"இன்னும் பொறக்கல. அதான் சொல்றேன்."

பிறகு தரைக்கு மேலே வேலை வந்தது. சென்ட்ரிங் பலகை அடிக்கிறார்கள், கம்பி கட்டுகிறார்கள், குழாய் பதிக்கிறார்கள், ராவ் வந்து குடைக் கம்பியால் தட்டிப் பார்க்கிறார், கான்கிரீட் போடுகிறார்கள். அதே பலகை, அதே அளவு, அதே ஆட்கள். ஒவ்வொரு மாடிக்கும் கை பழகிவிடும். மேலே போகப் போக வேகம் கூடியது. மாணிக்கம் ஒரே வாரத்தில் கட்சி மாறினார். "பொங்கலுக்குப் பால் காச்சிருவாங்க, பாத்துக்கோ."

இதுவும் சுரங்கக் கணக்குதான். ஷாஃப்ட் அடியைத் தொட்டால் வேலை ஆரம்பித்துவிடலாம். எனவே கட்டடம் உச்சியைத் தொட்டால் குடிபுகுந்துவிடலாம். உச்சியைத் தொட்ட அன்றுதான் தண்ணீர்க் குழாய்க்காரன், கரண்ட்காரன், கண்ணாடிக்காரன், பெயின்ட்காரன் எல்லாரும் வந்து ஒருவர் வழியில் ஒருவர் நிற்கத் தொடங்குவார்கள் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். "உங்க கம்பெனியில சோம்பேறிங்க சாஸ்தி" என்று அதற்கு விளக்கம் கிடைத்தது.

இந்த ஜோசியத்தில் கலந்துகொள்ளாத ஒருவர் கதவோரம் உட்கார்ந்திருப்பார். ஏழுமலை. அவரை சைட்டுக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

ஆட்களையும் சாமானையும் மேலே ஏற்ற, கட்டடத்தின் முன் முகத்தை ஒட்டி ஒரு ஹாய்ஸ்ட் நிறுத்தியிருந்தோம். இரும்புச் சட்டத்துக்குள் ஏறி இறங்கும் கூண்டு. தரையில் வின்ச் என்ற சுற்று இயந்திரம், அதில் கயிறு. அதை ஓட்டியவன் விசில் சத்தத்தையும் கூச்சலையும் கேட்டு ஓட்டினான். எட்டாவது மாடியில் நிற்க வேண்டிய கூண்டு ஏழரையில் நிற்கும். கொத்தனார்கள் எம்பிக் குதிப்பார்கள். ஒரு நாள் ஒருவன் குதிக்கும்போது கூண்டு கிளம்பிவிட்டது. அவன் பிழைத்தது அவன் பாட்டி செய்த புண்ணியம். ராவ் அன்றைக்கே ஹாய்ஸ்ட்டை நிறுத்தினார். திங்கட்கிழமை எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். ஹாய்ஸ்ட் ஓட்ட ஆள்.

"எங்க ஊர்ல இருக்காங்க சார்," என்றேன்.

ஏழுமலை நந்திதுர்க் சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஷாஃப்ட்டில் ஆட்களைச் சுமந்து இறங்கி ஏறும் கேஜை, மேலே எஞ்சின் அறையில் உட்கார்ந்து ஓட்டுபவர் என்று அர்த்தம். ஓட்டுகிற கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது. கயிறு சுற்றும் டிரம்மில் வெள்ளைக் குறிகள், எதிரே ஒரு டயல், கீழேயிருந்து வரும் மணி. இவ்வளவுதான் அவருக்குக் கண்ணும் காதும். சுரங்கத்தில் ஆள் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அவரும் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார். வந்த வருஷம்தான் மகள் கலா பெங்களூரில் நர்சிங் சேர்ந்திருந்தாள். மனைவிக்கு மூட்டு வலி, வேறு வருமானம் கிடையாது.

"மூணு வருஷம் சார். அப்புறம் ஆறு மாசம் வார்டுலயே இருக்கணுமாம். அதுவரிக்கும் இந்தக் கை ஓடணும்," என்று முதல் நாள் ரயிலிலேயே சொல்லிவிட்டார். அப்புறம், எல்லாரும் கேட்பதைக் கேட்டார். "இந்தக் கட்டடம் எப்போ சார் முடியும்?"

"எல்லாரும் சீக்கிரம் முடியும்னுதான் சொல்றாங்க."

"ஐயோ," என்றார். "முடியக்கூடாதே."

அந்தக் கேள்வியை ஆயிரம் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தாமதமாகும் என்ற பதிலுக்காக ஏங்கிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அன்றையிலிருந்து அந்தக் கட்டடத்துக்கு என் மனதில் இரண்டு வரைபடங்கள். ஒன்று மாடி ஏறுவது, இன்னொன்று கலா வருஷம் ஏறுவது. எது முந்தும் என்று தெரியாது. முதல் வரைபடம் வேகமாக ஏற வேண்டும் என்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

சைட்டுக்கு வந்ததும் ஏழுமலை வின்ச்சைச் சுற்றி வந்தார். கயிற்றைத் துணியால் தடவிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு மாடிக்கும் ஒரு மின்சார மணி வேண்டும் என்றார். மணி வரும்வரை லீவரைத் தொடவில்லை. மணி வந்த பிறகு டிரம்மில் மாடிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டார். ஒரு மணி அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறார்கள், மெதுவாக. முதல் நாள் மேஸ்திரி எட்டாவது மாடியிலிருந்து தெலுங்கில் ஏழு தலைமுறையையும் இழுத்துக் கத்தினார். ஏழுமலை டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேல கூப்பிடறாங்களே அண்ணே," என்றேன்.

"கத்தறது கேக்குது சார். மணி கேக்கல."

மேஸ்திரி கடைசியில் மணியை அடித்தார், பழிவாங்குவதுபோல நிறுத்தாமல். ஏழுமலை எண்ண முடியவில்லை என்று இன்னொரு டீ சொன்னார். ஒரு வாரத்துக்குள் பீகாரிலிருந்து வந்த கம்பி கட்டுகிறவர்கள்கூட மூன்று மணி அடித்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். கூண்டு ஒவ்வொரு தளத்தோடும் வழுக்கிக்கொண்டு வந்து சமமாக நின்றது. ராவ் குடையை ஊன்றிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனப்பா, இது சைட்டா, தேவஸ்தானமா?"

"ரெண்டும் இல்ல சார்," என்றார் ஏழுமலை. "ஷாஃப்ட்டு."

மாதம் ஒரு தடவை என் தகர ஷெட்டுக்கு வருவார். உட்கார மாட்டார். "கலா மொத வருஷம் பாஸாயிட்டா. நீங்க எங்க கீறீங்க?" என்பார். "பதினாலாவது மாடி" என்பேன். கொஞ்சம் கவலையோடு மேலே பார்ப்பார். நான் சமாதானம் சொல்வேன். மேலே முடிந்தாலும் உள்வேலை நிறைய இருக்கிறது, கலா படித்து முடித்த பிறகும் கட்டடம் முடியாது, கவலைப்படாதீர்கள் என்று. அது நான் வழக்கமாகச் சொல்கிற ஆறுதல் இல்லை. நன்றாக யோசித்துச் சொன்னது. அவரும் நம்பினார்.

"அப்போ சரி. கட்டடம் கீற வரிக்கும் கேஜ் கீது. கேஜ் கீற வரிக்கும் நான் கீறேன்."

நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் கே.ஜி.எஃப்.காரர்கள், எங்களுக்கு அது சந்தேகப்பட வேண்டிய வாக்கியமாகவே தெரியவில்லை.

கலாவுக்குக் கடைசி வருஷம் தொடங்கியிருந்தது. உச்சி மாடி போட்டாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை ராவ் கண்ணாடிக் கான்ட்ராக்டரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மூணு பக்கமும் கண்ணாடி மாட்டியாச்சு. முன் பக்கத்துல நடு வரிசை மட்டும் எல்லா மாடியிலயும் ஓட்டையா இருக்கு சார்," என்றார் அவர். "ஹாய்ஸ்ட் நிக்குது. அத எடுத்தாத்தான் மாட்ட முடியும். கண்ணாடி மாட்டினாத்தான் உள்ள சீலிங், பெயின்ட் எல்லாம்."

ராவ் கடலையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். பலகையில் எழுதினார். ஹாய்ஸ்ட்.

இருபது மாடிக் கட்டடம், அத்தனை கான்ட்ராக்டர்கள், பேப்பரில் படம், கடை புக் செய்தவர்கள், ரயில் பெட்டி நிறைய ஜோசியர்கள். எல்லாரும் காத்திருந்தது ஏழுமலை எழுந்து போவதற்காக.

சுரங்கத்தில் கேஜ்தான் கடைசி. ஒரு ஷாஃப்ட்டைக் கைவிட்டால் பம்ப் மேலே வரும், தண்டவாளம் மேலே வரும், ஆட்கள் மேலே வருவார்கள். எல்லாம் வந்த பிறகுதான் கயிற்றைக் கழற்றுவார்கள். கயிறு இருக்கும்வரை வைண்டிங் டிரைவருக்கு வேலை உண்டு. இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கட்டடத்தில் இது நேர் எதிர். கூண்டு நிற்கும் இடத்தில்தான் சுவர் வர வேண்டும். வேலை முடிவதற்கு வெகு காலம் முன்பே கூண்டு போக வேண்டும். பெங்களூரில் பிறந்த எந்தப் பிளம்பருக்கும் இது தெரிந்திருந்தது.

"ஹாய்ஸ்ட் எதுக்காகக் காத்திருக்கு?" என்றார் ராவ்.

லிஃப்ட் கம்பெனி எஞ்சினியர், பையன் வயசு, ஒரு அடி முன்னால் வந்தான். "ஒரு லிஃப்ட் ரெடி சார். இன்ஸ்பெக்‌ஷன் ஆயிடுச்சு. ஆனா உங்க ஆளுங்க கையில தர மாட்டோம். போன சைட்ல சிமென்ட் மூட்டைய கதவுக்கு முட்டுக் குடுத்து, மோட்டாரே போச்சு. சாவி ஒரு பொறுப்பான ஆள் கையில இருக்கணும். அவர் இல்லாம லிஃப்ட் நகரக் கூடாது."

ராவ் என்னைப் பார்த்தார். நான் ஏழுமலை பேரைச் சொன்னேன்.

"அவருக்கு லிஃப்ட் தெரியுமா?" என்றான் எஞ்சினியர்.

"அவருக்கு ஏறாதேன்னு சொல்லத் தெரியும்," என்றார் ராவ். "ஆயித்து, முடிஞ்சுது. அவரைக் கேளு."

கேட்கும் வேலை என்னுடையது. ஏழுமலை வின்ச்சுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கைத்துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"ஆளுங்க இன்னும் மேலயே கீறாங்க. கயித்தக் கழட்றீங்களா?"

"ஆமாம் அண்ணே. இங்க அப்படித்தான்."

"அவங்க எப்படி எறங்குவாங்க?"

"லிஃப்ட்டுல. அதுக்குத்தான் உங்களக் கேக்கறேன். உள்ள நின்னுக்கிட்டு..."

"அத ஓட்றது யாரு?"

"யாரும் இல்ல. பட்டன அமுக்கினா அதுவே போகும்."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது அவமானம். இத்தனை வருஷம் ஷாஃப்ட்டில் ஆயிரக்கணக்கான ஆட்களை ஏற்றி இறக்கியவரைப் பட்டன் அமுக்கச் சொல்கிறோம். அவர் முகத்தில் இருந்தது வேறு. வேலையை மறுப்பதற்கு அவர் சொன்ன காரணத்தை இன்றைக்கும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

"சார், நான் கேஜ ஓட்டினவன். கேஜுல ரொம்ப ஏறினவன் இல்ல. ஏறினப்ப எல்லாம் மேல ஓட்றது யாருன்னு கேட்டுக்கினுதான் ஏறுவேன். துரைசாமின்னா ஏறுவேன். சில பேருன்னா அடுத்த ட்ரிப்புக்கு நிப்பேன். ஓட்றதுக்கு ஆளே இல்லன்னா நான் எப்படி ஏறுவேன்?"

"அப்போ என்ன பண்ணப்போறீங்க?"

"வாட்ச்மேன் வேல எங்கனா கெடைக்கும்," என்றார். அது கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும். எங்கள் ரயிலில் பாதிப் பேர் அந்த வேலைக்காகத்தான் அலைந்துகொண்டிருந்தார்கள். கலாவுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தது.

நான் ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியாதபோது ராவ் கேள்வியை எனக்கு நானே போட்டுக்கொள்வது வழக்கமாகியிருந்தது. ஏழுமலை எதற்காகக் காத்திருக்கிறார்? ஒரு டிரைவருக்காக. சரி, டிரைவர் எதற்காக? யோசித்துவிட்டு அவரிடம் திரும்பிப் போய், மொட்டை மாடியில் லிஃப்ட்டின் மோட்டார் அறை இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன்.

உச்சிவரை படியேறியே வந்தார். மோட்டார் அறைக்குள் நுழைந்ததும் அவர் நடையே மாறிவிட்டது. மோட்டார், சக்கரம், சக்கரத்தின் மேல் பக்கத்துக்குப் பக்கமாக ஓடும் கயிறுகள். விரலைக் கயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல் எண்ணினார். "ஒண்ணு போனாலும் மிச்சம் தாங்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிரேக் எது என்று எஞ்சினியர் பையனைக் கேட்டார். கரண்ட் போனால் பிரேக் விடுமா, பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றதும் முதல் தடவையாகத் தலையை அசைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எறங்கிப் போய் ஏறுங்க சார்."

"நானா?"

"நான் மேல நின்னு பாக்கணுமில்ல."

அன்று மதியம் முழுவதும் பிளானிங் ஆபீசராகிய நான் லிஃப்ட்டில் ஏறி இறங்கினேன். காலியாக ஒரு தடவை. டைல்ஸ் பெட்டிகளோடு ஒரு தடவை. ஒன்பதாவது மாடியில் எஞ்சினியர் பையன் வேண்டுமென்றே கரண்டைத் துண்டித்தான். இருட்டில் டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு என் வாழ்க்கையின் போக்கை யோசித்தேன். வெளியே கொத்தனார்கள் கதவைத் தட்டி, "சார், எப்போ முடியும்?" என்று கேட்டார்கள். அத்தனை வருஷமும் நான் கேட்டதற்கு அவர்கள் வட்டியோடு வசூலித்த நாள் அது.

வெளியே வந்தபோது ஏழுமலை படியிறங்கி வந்து நின்றிருந்தார். "சக்கரத்துல சத்தம் இல்ல. நிக்கறப்போ கயிறு துள்ளல," என்றார். "ஆளு இல்லன்னாலும் எவனோ நல்ல டிரைவர்தான் செஞ்சிக்கீறான்."

ஒரே நிபந்தனை போட்டார். ஒவ்வொரு மாடியிலும் ஹாய்ஸ்ட் மணியைக் கழற்றி லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே பட்டன் இருக்கிறதே என்றான் எஞ்சினியர். அது லிஃப்ட்டைக் கூப்பிட, இது தன்னைக் கூப்பிட என்றார் ஏழுமலை. ராவ் மணியை மாட்டச் சொல்லிவிட்டார். சாவி ஏழுமலையின் பாக்கெட்டுக்குப் போனது. சிமென்ட் மூட்டையோடு வருகிறவனைக் காலைத் துடைக்கச் சொல்லும் ஒரே லிஃப்ட் பெங்களூரில் எங்களுடையதுதான்.

ஹாய்ஸ்ட்டைப் பிரித்தார்கள். கண்ணாடி ஏறியது. ஆனால் லிஃப்ட்டுக்கும் ஆள் தேவை கட்டடம் முடியும்வரைதான். முடிந்துவிட்டால் வாங்கியவர்கள் தங்கள் ஆட்களோடு வருவார்கள். எனவே ஏழுமலை மறுபடி மாதம் ஒரு தடவை என் ஷெட்டுக்கு வந்தார். கட்டடம் இப்போது நிஜமாகவே வேகமாக முடிந்துகொண்டிருந்தது. நான் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். பலகையில் இருப்பதைப் படித்துக் காட்டுவேன், அவ்வளவுதான். பலகையில் பொருள்கள் குறைந்துகொண்டே வந்தன. ராவ் உற்சாகத்தில் இருந்தார். கலா கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வார்டில் ஆறு மாதத்தைத் தொடங்கியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தீயணைப்புக்கான அனுமதி தர அதிகாரிகள் வந்தார்கள். மாடிப்படிக் கதவு ஒன்றைத் தள்ளினார்கள். அது வராந்தா பக்கம் திறந்தது. படிப் பக்கம் திறக்க வேண்டும் என்றார்கள். அடுத்த மாடி போனார்கள். அங்கேயும் அப்படித்தான். கதவுக் கான்ட்ராக்டர் ஒரு மாடியில் செய்த தப்பை இருபது மாடியிலும் ஒரே சீராகச் செய்திருந்தார். நிலையோடு பெயர்த்து மறுபடி வைக்க வேண்டும். ராவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியவர் வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இதில் என் பங்கு ஏதுமில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். எனக்கு அந்தக் கதவுகளை விரட்டத்தான் சம்பளம், விரட்டினேன். பெயர்த்த கதவுகள் மேலும் கீழும் போனது லிஃப்ட்டில்தான், மணி அடித்துவிட்டுத்தான்.

சுரங்கத்தை நிரந்தரமாக மூடியது அந்த வருஷம். காலை ரயிலில் நிற்க இடமில்லாமல் போயிற்று. பட்டாவெல்லாம் செல்லாமல் போயிற்று. தலைமுறை தலைமுறையாக ஷிஃப்ட்டுக்குப் போனவர்கள் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் பைகளோடு பெங்களூருக்கு ஏறினார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட கேள்வியும் மாறிவிட்டது. "சார், அடுத்த கட்டடம் எப்போ ஆரம்பிக்கறாங்க?" மாணிக்கம்கூட ஜோசியம் சொல்வதை விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலை கோரமண்டலில் நெரிசலைப் பிளந்துகொண்டு ஏழுமலை என் பக்கத்தில் வந்து நின்றார். முடி வெட்டியிருந்தார்.

"கலா வேலைல சேந்துட்டா சார். அங்கியே, அதே ஆஸ்பத்திரியில. நேத்துலருந்து."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாணிக்கம் எட்டிப் பார்த்து, "இனிமே ஒனக்கு ஊசி போட ஆள் கீது" என்றார். வண்டி நகர்ந்தது. ஏழுமலை மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வெளியே பார்த்தபடி வந்தார். பங்காருப்பேட்டை தாண்டிய பிறகு குனிந்து கேட்டார்.

"அந்தக் கதவெல்லாம் மாட்டியாச்சா?"

"இன்னும் நாலு மாடி பாக்கி அண்ணே."

அவர் முகம் சுளித்தது. அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பார்க்காத முகம். ரயில் பெட்டியில் மற்ற எல்லாரிடமும் பார்த்த முகம்.

"இன்னா சார் இது," என்றார். "ஒரு கட்டடத்த எவ்ளோ நாளுதான் கட்டுவீங்க?"